ஆற்றங்கரை வீட்டு அம்மா

டோர்ட்மண்ட்,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி சந்திரகாந்தி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் முழங்காலின் சுகத்தையும் தனித்தனியாக அறிய ஆசை. கோண்டாவிலில் இந்த முறை வெயில் பொல்லாதது என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து மத்தியானத்தில் கிணற்றடியில் போய் நின்று உடுப்புத் தோய்க்காதீர்கள். மெஷின் வாங்கித் தந்தது பார்த்துக்கொண்டிருக்க அல்ல.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனைக் காதில் வைத்துக் கதைக்கிற ஆளா? ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு மரக்கறி வெட்டுவீர்கள். நான் இங்கே தும்மினால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரி அங்கிருந்து மருந்து சொல்லுவாள். இது உங்களுக்கு மட்டும். வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். இவருக்கும் தெரியாது, மகள் கம்சனாவுக்கும் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருக்கிறது.

கம்சனாவுக்கு இது ஐந்தாம் மாதம். பெண் பிள்ளை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். முந்தியது தங்காமல் போனபோது அவள் ஹம்பேர்க் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கும் போடாமல் கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மருமகன் நிருஜன் வேலைக்குப் போகப் பயந்து வாசலிலேயே இருந்தான். அதனால் இந்த முறை பிள்ளைக்கு ஒரு பயமோ அதிர்ச்சியோ வரக்கூடாது என்று எல்லோருக்கும் சட்டம் போட்டவள் நான்தான். வீட்டில் யாரும் கெட்ட செய்தி கதைக்கக்கூடாது, டிவியில் சண்டைப் படம் போடக்கூடாது. அந்தச் சட்டமே இப்போது என் வாயைக் கட்டி வைத்திருக்கிறது.

சித்திரையில், இங்கே ஈஸ்டர் லீவுக்கு, அவள் எங்களோடு வந்து நின்றாள். நிருஜனுக்குத் துறைமுகத்தில் வேலை, வர ஏலவில்லை. நாங்கள் மூன்று பேரும் பாரிஸ் போய் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் சீலையும் சாமான்களும் வாங்கினோம். திரும்பி வரும்போது இவர் காரைப் பெரிய ரோட்டிலிருந்து திருப்பிவிட்டார். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து உங்கள் மச்சானுக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்திருக்கிறது, அக்கா. எழும்பினால் யூடியூபில் கோட்டை, படுத்தால் கோட்டை. ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பழைய ஊர் இருக்கிறது, தண்ணீருக்குள்ளேயே சுவர் இறங்குகிற கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது, பார்க்காமல் போனால் பாவம் என்றார். ஊரின் பேரை மூன்று விதமாகச் சொன்னார், மூன்றும் பிழை என்று கம்சனா சிரித்தாள். நான் அந்தப் பேரை எழுதாமலே விடுகிறேன்.

வடிவான ஊர்தான். பொய் சொல்லக்கூடாது. ஒரே ஒரு தெரு, கல் வீடுகள், யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி. தெரு முடிகிற இடத்தில் ஆறு. அந்தப் பக்கம் பாசி பிடித்த சுவரோடு கோட்டை. எங்கள் நல்லூர்க் கோபுரம் போல உயரமில்லை, ஆனால் அகலம். ஊரில் ஒரு குஞ்சு குருமானையும் காணவில்லை. பாண் கடையும் பூட்டு. தேவாலய மணி மட்டும் அடித்தது. ஒரு அடி, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு அடி. எங்களை வரவேற்கிறார்கள் என்று இவர் பகிடி விட்டார். எனக்கு அந்த மணி பிடிக்கவில்லை.

கோட்டை வாசலில் டிக்கெட் தர ஆள் இல்லை. பெரிய கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் கார்கள் நின்றன. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியேறினார்கள். எல்லோரும் கறுப்பு உடுப்பு. ஏன் இப்படி என்று கேட்டேன். பிரான்ஸ்காரருக்கு அதுதான் ஸ்டைல் என்றார் இவர். இது வழிகாட்டியோடு போகிற கூட்டம், பேசாமல் பின்னால் சேர்ந்துகொண்டால் எல்லாம் பார்க்கலாம் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார். இவர் பச்சை ஜக்கெட், கம்சனா சிவப்புச் சட்டை, நான் மஞ்சள் சுவெட்டர். அந்தக் கூட்டத்தில் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று இப்போது நினைத்தால் வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருக்கிறது. அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு வயதான மனுசன் கம்சனா வயிற்றில் கை வைத்தபடி ஏறியதைப் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கினார்.

மேலே ஒரு நீண்ட அறை. யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று, அதை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். திருத்த வேலை நடக்கிறது என்றார் இவர். ஆள் உயர மணிக்கூடு ஒன்று நின்றது, அது ஓடவில்லை. அறையின் நடுவில் கட்டில். கட்டிலில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு கிழவி, கைகள் மார்பில் ஒன்றின் மேல் ஒன்று, இடது கை மேலே, விரலில் செபமாலை. பக்கத்தில் மெழுகுதிரி. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் அதற்குள் ஒரு பச்சைக் கொப்பும். வந்தவர்கள் கொப்பை எடுத்து அவவின் மேல் மெல்லத் தெளித்துவிட்டுப் போனார்கள்.

ஹம்பேர்க்கில் மெழுகுப் பொம்மைகள் வைத்திருக்கிற ஒரு காட்சிச்சாலைக்குக் கம்சனா பள்ளிக்கூடக் காலத்திலேயே போயிருக்கிறாள். அங்கே இருந்ததை விட இது நூறு மடங்கு திறம் என்று என் காதுக்குள் சொன்னாள். கோட்டையின் பழைய சீமாட்டி என்று இவர் விளக்கம் கொடுத்தார். போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனவரை, கதவருகில் நின்ற ஒரு மனுசன் கையால் மெதுவாகத் தடுத்தார். மியூசியத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள்தானே என்று இவர் போனை உள்ளே வைத்துக்கொண்டார்.

அக்கா, அம்மாவைக் குளிப்பாட்டியது நீங்களும் நானும்தான். அந்த இடப்பெயர்வில் வேறு யார் இருந்தார்கள்? அதனால் எனக்குத் தெரியும். நான் முதலில் பார்த்தது அவவின் காதுச் சோணையை. பிறகு நகத்தை. நாடிக்குக் கீழே சின்னத் துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள், வாய் திறவாமல் நாங்கள் வெள்ளைத் துணியால் கட்டுகிறோமே, அதற்குத்தான். மெழுகுப் பொம்மைக்கு யார் நாடியில் துவாய் வைப்பார்கள்? நாங்கள் ஒரு செத்த வீட்டுக்குள் நிற்கிறோம். பிள்ளைத்தாச்சிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறோம்.

கத்தியிருக்கலாம். இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் கம்சனா அதற்குள் கட்டிலடிக்குப் போய்விட்டாள். போய், அவவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுவிட்டு எடுக்கவுமில்லை, குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அந்த நேரத்தில் இது பிரேதம் என்று நான் சொன்னால் அவள் என்ன ஆவாள்? முந்திய பிள்ளை போன நாள்தான் என் கண்ணில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் மற்றவர்களைப் போலக் கொப்பை எடுத்துத் தெளித்தாள், கோயிலில் தீர்த்தம் தெளிப்பதைப் போல, வடிவாக, மரியாதையாக. பிறகு வாசலுக்கு வந்தாள். அங்கே திரும்பிப் பார்த்து, போட்டு வாறன் அம்மா என்று தமிழிலேயே சொன்னாள்.

எங்கே போனாலும் ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது நான். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் எழும்பி வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இங்கே ஒரு சாவு என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் மட்டும் போய் வந்துவிடுவோம். அவள் ஒரு செத்த வீட்டைக் கண்டதேயில்லை. அந்த அறையில் இருந்து வெளியே போன வெள்ளைக்காரர் அத்தனை பேரும் ஒரு சொல்லும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், அக்கா. எங்கள் ஆட்கள் போவதைப் போலவே. திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் என் மகள் ஒருத்திதான்.

கதவடியில் நின்ற மனுசன் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அழுது சிவந்த கண். மகனாக இருக்கும். நன்றி சொல்கிறார் என்று மட்டும் விளங்கியது. கம்சனா அவரைப் பார்த்துச் சிரித்து, மிக வடிவாகச் செய்திருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

கீழே வந்ததும் இவருக்குப் பசி. ஆற்றங்கரை மர வாங்கில் உட்கார்ந்து ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். குளிக்காமல் சாப்பிடாதேங்கோ என்று எப்படிச் சொல்ல? கை கழுவ வேண்டும், கிருமி என்று சொல்லி ஆற்றுத் தண்ணீரை அள்ளி இரண்டு பேரின் கையிலும் ஊற்றினேன், விளையாட்டுப் போலக் கம்சனாவின் தலையிலும் தெளித்தேன். அம்மாவுக்கு என்ன இன்று என்று சிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், அந்தப் பொம்மை சரியான கெட்டிக்காரத்தனமாம். உள்ளே மோட்டார் வைத்திருக்கிறார்களாம். இவள் தொட்டதும் அது இவளுடைய விரலை மெல்லப் பிடித்ததாம். குளிர்ந்த கையாம், ஆனால் குழந்தை பிடிப்பது போலப் பிடித்ததாம். பாவமாக இருந்தபடியால் உடனே இழுக்காமல் விட்டுக்கொண்டு நின்றாளாம். போட்டு வாறன் என்று சொன்னபோது வாய் கொஞ்சம் சிரித்ததாம். தமிழ் எல்லாம் எப்படிப் படிப்பித்தார்கள் என்று பகிடி விட்டாள். இவர் அது சென்சார் என்றார். அதைப் பற்றி ஒரு விரிவுரையே நடத்தினார்.

என் ரோல்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் நின்ற அறையின் யன்னல் ஆற்றுப் பக்கம்தான். எல்லாப் பலகையும் சாத்தியிருந்ததை நான் பார்த்தேன் என்று சொன்னேனே, இப்போது ஒன்று திறந்திருந்தது. யாராவது காற்றுக்காகத் திறந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பெல்லாம் தோய்த்தேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், கம்சனாவைத் தலை முழுகச் செய்தேன். பயணக் களைப்புக்கு நல்லது என்று சாக்குச் சொன்னேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் ஹம்பேர்க் போய் அவளோடு நின்றேன். பிள்ளை நல்ல நிறம், நல்ல சாப்பாடு. காலையில் இடியப்பம் வேண்டாமாம், பிரான்ஸ்காரரைப் போலப் பாணுக்கு வெண்ணெய் பூசி, பச்சை முள்ளங்கியை வட்டமாக வெட்டி, உப்புத் தூவிச் சாப்பிடுகிறாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தானே சாப்பிடுகிறனான் என்றாள். அக்கா, முள்ளங்கி வாசத்துக்கு மூக்கைப் பொத்துகிற பிள்ளை அவள். தெருப் பக்கம் இருந்த தன் கதிரையை மற்ற அறைக்கு மாற்றியிருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு வாய்க்கால் தெரியும். அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி, கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு இருப்பாள். இடது கை மேலே. அவள் அழவுமில்லை, பயப்படவுமில்லை. அவளை இவ்வளவு அமைதியாக நான் கண்டதே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

படுக்கை அறைக் கண்ணாடியில் ஒரு துப்பட்டாவைப் போட்டு மூடியிருந்தாள். வெயில் பட்டுக் கண் கூசுகிறதாம். அந்த அறைக்கு வெயில் வருவதே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் நிருஜனையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குத் திரும்பப் போகப் போகிறாளாம். விரல் பிடிக்கிற பொம்மையை அவனுக்குக் காட்ட வேண்டுமாம். வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டால் சரியில்லைத்தானே என்கிறாள். வெயில் என்றேன், தூரம் என்றேன், டொக்டரிடம் கேள் என்றேன். டொக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். இவரோ தானும் வருகிறேன் என்று பெட்டியைத் தூசி தட்டுகிறார். போனால் அங்கே பொம்மை இல்லை என்பது தெரிந்துவிடும். தான் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது தெரிந்துவிடும். போகாமல் தடுக்க வேண்டும் என்றாலும் நான் அதைத்தான் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைக்கு அதிர்ச்சி.

அக்கா, தெரியாமல் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க எங்கள் ஆட்களிடம் ஏதாவது வழி உண்டா? ஐயரிடம் யாருக்கோ என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

*

சனிக்கிழமை.

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டுத் தபாலில் போடாமல் இருந்தேன். நேற்று மத்தியானம் கம்சனா போன் எடுத்தாள்.

பிள்ளை அசைகிறதாம். முதல் முறை. கதிரையில் இருந்தபோதாம். மற்றப் பெண்கள் எல்லாம் மீன் துள்ளுவது போல, வண்ணத்திப்பூச்சி போல என்று சொல்வார்களாம், இவளுக்கு அப்படி இல்லையாம். உள்ளேயிருந்து யாரோ ஒரு விரலைப் பிடித்துப் பிடித்து விடுவது போலிருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். சந்தோசமும்தான், அக்கா. முந்திய முறை இந்த அசைவு வரவேயில்லையே.

பிறகு, பிரான்ஸ் பயணத்தை விட்டுவிட்டோம் என்றாள். ஏன் என்று கேட்டேன். இனிப் போகத் தேவையில்லை அம்மா, அங்கே இப்போது ஆரும் இல்லைத்தானே என்றாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலடியில் வைத்துச் சத்தியம் செய்வேன். இவரிடமும் மெல்லக் கதை கொடுத்துப் பார்த்தேன். இவர் இன்றைக்கும் அது மெழுகு என்றுதான் நண்பர்களுக்குச் சொல்லித் திரிகிறார். அங்கே ஆரும் இல்லை என்று உனக்கு யார் சொன்னது என்று கம்சனாவிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் யன்னல் திரைச்சீலைக்கு என்ன நிறம் நல்லது என்று கேட்டாள். பச்சை என்று சொன்னேன்.

ஐயரிடம் கேட்க வேண்டாம், அக்கா. சொல்லைத் திருப்பி எடுக்கிற நேரம் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குப் பயம்தான், பயமில்லை என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். இரவும் பகலும் பயம். ஆனால் வருகிற பிள்ளைக்கு என்ன தெரியும்? அதை முதலில் குளிக்க வார்ப்பது நானாகத்தான் இருப்பேன். அது கையை நீட்டி என் விரலைப் பிடித்தால் இழுத்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைப்பெற்றுச் சரக்கு நல்லதாகப் பார்த்து, வறுத்து இடித்து அனுப்புங்கள். இங்கே கடையில் விற்கிற தூளில் பாதி மண். கோயிலில் கம்சனாவின் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ஆற்றங்கரை வீட்டு அம்மா என்று சொன்னால் சாமிக்கு விளங்கும். நல்ல மனுசியாகத்தான் இருந்திருப்பா. அத்தனை பேர் வந்து அழுதார்கள்.

ஐப்பசியில் உங்களுக்கு நல்ல செய்தி வரும். வந்ததும் போன் எடுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எத்தனை கிலோ என்று கேளுங்கள், தாய் சுகமா என்று கேளுங்கள், என்ன பேர் வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆரைப்போல இருக்கிறது என்று மட்டும் கேட்காதேங்கோ அக்கா. நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்துங்கோ.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
சந்திரகாந்தி